ஔடத தானமும் மனநல மருத்துவமும்

(மகாவீரர் நிர்வாண விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பாவாபுரியில் பகவான் வர்த்தமானர் வீடுபேறு எய்திய விடியலை விளக்கேற்றிப் போற்றும் திருநாள் தீபாவளி. அந்நாளில் பட்டாசு கொளுத்துவதில்லை என்று சமண இல்லங்கள் பல உறுதி பூண்டிருக்கின்றன. ஓசைக்கு அஞ்சிக் கூட்டை விட்டுப் பறக்கும் பறவைக்கும், திண்ணையின் கீழ் ஒடுங்கும் நாய்க்கும் இரங்குவதால் வந்த உறுதி அது. ஆயினும் அந்தப் பட்டாசைச் செய்து அனுப்பும் கைகளைப் பற்றி அன்று நினைப்பவர் மிகச் சிலரே.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ளது தாயில்பட்டி. வானம் பார்த்த பூமி. தெற்கே கழுகுமலை. பாண்டியர் காலத்தில் அப்பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளையும், அவற்றின் கீழ்ப் பொறிக்கப்பட்ட குரவர், குரத்தியர் பெயர்களையும் இங்குள்ளோர் பலர் நேரில் கண்டு வணங்கியிருப்பர். ஆகவே தாயில்பட்டியும் அதன் சுற்றுப்புறமும் சமணத்துக்கு அயல்நிலம் அல்ல. இன்று அந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது பட்டாசுத் தொழில். மருந்து கலப்பவர், குழலில் மருந்து செலுத்துபவர், திரி வைப்பவர், சரம் பின்னுபவர் என ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் அத்தொழிலுக்குப் போவது வழக்கம். அங்கே ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். நோய் தீர்ப்பதற்கும் உயிர் குடிப்பதற்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்துவிட்டது ஒரு வேதனையான பொருத்தம்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38-க்குக் குறையாத உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை பெரிய விபத்துகள். இடையிடையே ஒருவர், இருவர் என மாள்பவரின் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில் வந்து மறைகிறது. இறந்தோர்க்கு இழப்பீடு, காயமுற்றோர்க்குத் தீக்காயச் சிகிச்சை என்று அறிவிப்பு வரும். காயமே படாமல் திரும்பி வந்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அப்படி ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் கற்பனை மாந்தர்தான். ஆனால் அவளுக்கு நேர்பவை எல்லாம் மருத்துவ நூல்களில் பதிவானவை. அடுத்த அறை வெடித்தபோது அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ‘குலசாமி காப்பாத்திருச்சு மதினி’ என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஒரு மாதம் கழிந்தும் இரவில் உறக்கம் இல்லை. கண் அயர்ந்தால் அதே அறை, அதே புகை. குக்கர் விசில் அடித்தால் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. தொழிற்சாலை இருக்கும் சாலை வழியே போகும் பேருந்தில் ஏற மறுக்கிறாள். தன்னோடு அமர்ந்து சரம் பின்னியவள் இறந்திருக்கத் தான் மட்டும் பிழைத்தது குற்றம் என்கிறாள். கணவன் முதலில் பரிந்தான், பிறகு கடிந்தான், பிறகு மாலையில் மதுக்கடைக்குப் போகத் தொடங்கினான். மாமியார் ‘காத்துக் கருப்பு’ என்று கோடாங்கியிடம் அழைத்துச் சென்று கயிறு கட்டினாள். மருந்துக் கடையில் யாரோ சொன்ன தூக்க மாத்திரை சில நாள் கை கொடுத்தது. பிறகு ஒன்று போதாமல் இரண்டாயிற்று.

இவளுக்கு வந்திருப்பது பேயும் அன்று, சோம்பலும் அன்று. பேரச்சத்துக்குப் பின் தங்கிவிடும் மனநோய் அது. அதற்குப் பெயர் உண்டு, மருத்துவம் உண்டு, அம்மருத்துவத்தைக் கற்றவரும் உண்டு. அவரை எங்கே தேடுவது, அவர் என்ன செய்வார் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தாயில்பட்டியின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட வேண்டா. வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இந்நிலை இதுவேதான். 2015–16-ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 100 பேருக்கு ஏறத்தாழ 10 அல்லது 11 பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றோடு வாழ்கின்றனர் என்று கண்டது. அவ்வாய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நோயின் வகைக்கேற்ப, மருத்துவம் பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர்.

சமணம் நான்கு தானங்களைச் சொல்கிறது: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். தமிழ்ச் சமணப் புலவர்கள் மருந்தின் மீது கொண்ட மதிப்புக்கு அவர்கள் நூல்களின் பெயர்களே சான்று. காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கண்டங்கத்தரி, நெருஞ்சி முதலிய ஐந்து வேர்களின் தொகுதி அது. கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த சூரணம் அது. உடலுக்கு வேரும் சூரணமும் எப்படியோ, உள்ளத்துக்கு அறம் அப்படி என்பது அவர்கள் கருத்து. ஆனால் அறவுரை ஒன்றே எல்லா மனநோய்க்கும் போதும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களை அடக்குவது ஆன்மாவின் பணி. மூளையின் வேதிப்பொருள்கள் சமநிலை குலைந்து ஒருவர் காதில் இல்லாத குரல் கேட்பது, கண்ணில் படலம் விழுவது போன்ற உடல்நிலை. படலம் விழுந்தவரிடம் ‘நன்றாகத் தியானம் செய்’ என்று மட்டும் சொல்லி யாரும் அனுப்பிவிடுவதில்லை.

மனநல மருத்துவர் யார் என்பதில் குழப்பம் மிகுதி. அவர் முதலில் எம்.பி.பி.எஸ். பயின்ற முழு மருத்துவர். அதற்குமேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தரும் உரிமை அவருக்கு உண்டு. உளவியலாளர் வேறு. அவர் உளவியலில் உயர்பட்டம் பெற்றுப் பேச்சுவழிச் சிகிச்சையும் சோதனைகளும் செய்பவர். மருந்து எழுத மாட்டார். நரம்பியல் மருத்துவர் பக்கவாதம், வலிப்பு முதலியவற்றைப் பார்ப்பவர். ‘நரம்பு டாக்டர்’ என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகும் வழக்கம் இங்கே உண்டு. வெட்கத்தை மறைக்க வந்த சொல் அது. அந்தப் பொய் ஒருவரை மருத்துவர் முன் உட்கார வைக்கிறது என்றால் அதைப் பெரிதாகக் கடிய வேண்டியதில்லை. உட்கார்ந்த பின் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளில் அவர் செய்வது பெரும்பாலும் கேட்பதுதான். உறக்கம் எப்படி, பசி எப்படி, இது எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்றெல்லாம் கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகும் என்று உறவினர் பதறுவர். அது தவறு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். பிறகு தைராய்டு, இரத்தச் சர்க்கரை, இரத்தசோகை, பி12 ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லலாம். தைராய்டு சுரப்பி குறைந்தாலும் மனம் சோரும். அதற்குரிய மருந்து வேறு.

மருந்து தொடங்கியபின் பொறுமை வேண்டும். மனச்சோர்வுக்கும் பேரச்ச நோய்க்கும் கொடுக்கப்படும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ தலைவலியோ வந்தால் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுவோர் ஒரு வகையினர். சற்றுத் தேறியதும் தாமாகவே நிறுத்துவோர் அடுத்த வகையினர். ‘வாழ்நாள் முழுதும் அடிமையாக்கிவிடும்’ என்ற அச்சம் எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் சில தூக்க மாத்திரைகளுக்குத்தான் அது மிகவும் பொருந்தும். தாயில்பட்டிப் பெண் சிக்கியது அதில்தான். அவளுக்கு மாத்திரை மட்டும் போதாது. அந்த நாளின் நினைவைப் பாதுகாப்பான ஓர் அறையில் சிறிது சிறிதாகப் பேசி, அந்தச் சாலையில் மீண்டும் பேருந்து ஏறும் நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சியும் வேண்டும். அவள் கணவனுக்கும் அதே மருத்துவரிடம் இடம் உண்டு, ஏனெனில் குடிநோயும் அவர் துறையைச் சேர்ந்தது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது ஆபத்து. நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே கேடாகலாம். நிறுத்துவதும் மருத்துவர் துணையோடுதான்.

அந்தக் குடும்பம் யாரைத் தேடிப் போவது? மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் கிளையாக 1996-இல் உருவானது. மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரும் அவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரும் கொண்ட குழு, குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சென்று பார்க்கும். மருந்து இலவசம். எந்த நாள், எந்த ஊர் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிவகாசி, சாத்தூர் அரசு மருத்துவமனைகளிலோ கேட்டால் சொல்வர். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்பது அதனினும் எளிது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறை இருந்தாக வேண்டும். மதுரை சென்றால் அரசு இராசாசி மருத்துவமனையும், மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-இல் நிறுவிய செல்லமுத்து அறக்கட்டளையும் உண்டு. வடமாவட்டங்களில் வாழும் நேயர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் அருகில். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்வது நெடுங்கால வழக்கம். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தை உருவாக்கி, மனச்சிதைவு உற்றவர் வீடு திரும்பி வேலை செய்து வாழலாம் என்று காட்டியவர்.

பேருந்து ஏறும் துணிவே வரவில்லை என்றால் தொலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தனியார் மருத்துவரை நாடுவோர், பெயர்ப்பலகையில் உள்ள பட்டத்தையும் தமிழ்நாடு மருத்துவ மன்றப் பதிவையும் பார்த்துக்கொள்வது நன்று. ஒரே அமர்வில் அடியோடு குணம் என்று உறுதி கூறுபவரை விட்டு விலகுவது அதனினும் நன்று.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகலாமா என்று கேட்பர். போகலாம். நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தென்னாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளின் அறிகுறிகள் சில வாரங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. அன்பான, அமைதியான சூழலில் தங்குவதே பாதி உதவி என்பது அதிலிருந்து புலனாகும். ஆனால் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்து ஏர்வாடியை மறந்துவிடலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஓரறிவு உயிருக்கும் தீங்கு நினையாத சமயத்தார் அந்தச் சங்கிலியைப் பற்றி எவ்வளவு பேசியிருக்க வேண்டும்! பின்னாளில் ஏர்வாடித் தர்காவிலேயே மருந்தும் வழிபாடும் இணைந்த ‘தவா–துவா’ திட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மயக்கமருந்து இன்றி மின்னதிர்வு சிகிச்சை தருவதையும் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, அவருக்குப் பராமரிப்பு அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த காலம் முடிந்துவிட்டது.

இனிச் சமண இல்லங்களுக்கே உரிய ஒரு செய்தி. இதை வெளியார் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

அட்டமி, சதுர்த்தசி, தசலட்சணப் பருவம் என நோன்புகள் நிறைந்த வாழ்வு இது. கணவனை இழந்த பாட்டி ஒருவேளை உணவையும் குறைத்துக்கொண்டு பேச்சையும் விட்டுவிட்டால், ‘பற்று அறுத்துவிட்டார்’ என்று வீடே வியக்கிறது. அது துறவாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். வேறுபாடு காண ஒரு வழி உண்டு. நோன்பிருப்பவர்க்குப் பாரணை நாளில் பசி இருக்கும், முகத்தில் தெளிவு இருக்கும். மனச்சோர்வு உற்றவர்க்குப் பாரணை நாளிலும் பசி இராது. திருவறத்தைக் கேட்பதிலும் நாட்டம் இராது. ‘நான் பாவி, போய்ச் சேர்ந்தால் போதும்’ என்பார். சல்லேகனையின் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் சொல்லும் ஐந்தில் ஒன்று, விரைவில் இறக்க வேண்டும் என்னும் விருப்பம். இறப்பை ஏங்கி நிற்பவர் அந்த நோன்புக்கு உரியவர் அல்லர் என்பது இதனால் விளங்கும். அவர் உரியவர் மருத்துவருக்கு.

சமந்தபத்திரர் வரலாறாக வழங்கும் கதையை இங்கே நினைக்கலாம். இளந்துறவியாக இருந்தபோது அவருக்குப் பஸ்மக நோய் வந்தது; எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. துறவொழுக்கத்தோடு அதைத் தாங்க இயலாமல் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு மறுத்துவிட்டார். உன்னால் அறத்துக்கு ஆக வேண்டியது மிகுதி. வேடத்தைக் களைந்து போய், நோயைத் தீர்த்துக்கொண்டு, பிறகு வந்து மீண்டும் தீக்கை பெறு என்றார். அவரும் அவ்வாறே செய்தார். சுயம்பு தோத்திரமும் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அருளிய ஆசிரியரை உலகுக்குத் தந்தது அந்த மறுப்பு. நோயைக் கருமப்பயன் என்று விட்டுவிட அந்தக் குருவுக்குக் காரணம் இல்லாமலா இருந்தது?

நோன்பு உடையோர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உள்ளன. மனநல மாத்திரைகள் பல இரவில் எடுக்க வேண்டியவை. கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர் அதைச் சொன்னால் பெரும்பாலும் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவர். உறைமாத்திரைகளின் உறை பெரும்பாலும் விலங்கின் ஊன்பசையால் ஆனது. அதே மருந்து வில்லையாகவும் கிடைக்கக்கூடும், கேட்க வேண்டும். லித்தியம் உட்கொள்பவர் நீரும் அருந்தா நோன்பு மேற்கொண்டால் இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும்படி ஏறிவிடும். அவர் மருத்துவரைக் கேளாமல் நோன்பு ஏற்கலாகாது. இவற்றைச் சொல்லக் கூசி மருந்தையே நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவு.

அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. கண்ணுக்கு ஒரு மேசை, சர்க்கரைக்கு ஒரு மேசை, பல்லுக்கு ஒரு மேசை. அடுத்த முகாமுக்கு மாவட்ட மனநலக் குழுவுக்கும் ஒரு கடிதம் எழுதி, நான்காவது மேசை ஒன்று போடச் சொல்லலாம். அதை வாசலில் போட வேண்டா. பெயரை ஒலிபெருக்கியில் அழைக்கவும் வேண்டா. பள்ளிக்கூடத்தின் பின்கட்டில், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையில், உடன் வந்தவரும் அமர இரண்டு நாற்காலிகளோடு போட்டால் போதும்.